முப்பதுக்கு மேலே போன உடம்பு

ஒன்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவளுக்கு, வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கண் மங்கிவிட்டது, காது கேட்கவில்லை, பிரஷர் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு எண் இருந்தது: 31.6. அந்த எண்ணோடு நான் போட்ட சண்டையைத்தான் எழுதுகிறேன். நியாயம் என் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

எனக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை. கார் உதிரி பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கன்டெய்னரில் வந்து இறங்கும். அவற்றை மரப் பலகையோடு தூக்கி ரேக்கில் அடுக்க வேண்டும், கேட்கும்போது இறக்கித் தர வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் என்பது முன்னால் இரண்டு இரும்பு முள் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி. முள்ளைப் பலகைக்கு அடியில் விட்டு மூன்று ஆள் உயரத்துக்குத் தூக்குவோம். எங்களிடம் இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர். ஒன்று நான். இன்னொருவர் ஆவடிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் கிடங்கில் எல்லோரும் கூப்பிடுவதைப் போல அவரும் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். ஒருவருக்கொருவர் மூத்தவர்களாகவே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

நான் வந்தது லேபிள் ஒட்டும் வேலைக்கு. நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் ஸ்டிக்கர் சுருள். அங்கே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே வண்டியைப் பார்ப்பேன். அண்ணன்தான் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் எடுத்து முதல் நாள் ஏறியபோது லாரி டிரைவர்கள் எல்லாம் தள்ளிப் போய் நின்றார்கள். "பொம்பளயா ஓட்டுது? மாமே, வண்டிய அந்தாண்ட வுடு" என்றார் ஒருவர். மூன்று மாதம் கழித்து அதே ஆள் கேட்டிலிருந்தே, "அக்கா கீறாங்களா? அவுங்க இருந்தாத்தான் சீக்கிரம் கெளம்பலாம்" என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த இருக்கை எனக்கு யாரும் சும்மா தந்ததில்லை. அதை ஒரு எண் பிடுங்கப் பார்த்தால் எரியுமா எரியாதா?

போன வருஷம் மழைக்கு முன்னால் உடல்நல முகாம் வைத்தார்கள். வருஷா வருஷம் வைப்பதுதான், கண்ணைப் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். இந்த முறை தலைமை அலுவலகத்திலிருந்து புதுப் படிவம் வந்திருந்தது. கேன்டீனில் ஒரு எடை மிஷின், சுவரில் உயரம் அளக்கும் பட்டை, ஒரு லேப்டாப். லேப்டாப்புக்கு முன்னால் எங்கள் எச்.ஆர். அதிகாரி. தெற்கிலிருந்து வந்த இளைஞர், ஆவடிப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. ஆனால் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று லேப்டாப் சொன்னாலும் ஒப்புக்கொள்வார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். எழுபத்துநாலு கிலோ. சுவரோடு நின்றேன். நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். அவர் இரண்டையும் தட்டியதும் திரை சிவப்பானது.

"பி.எம்.ஐ. முப்பத்தொன்னு புள்ளி ஆறு. ஒபீஸ் கேட்டகரி" என்று சத்தமாகப் படித்தார். குண்டு என்பதற்குத்தான் அந்த இங்கிலீஷ். பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் அடையாள அட்டையை வாங்கி மூலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். கழுத்தில் தொங்குகிற அட்டை. போகிற வருகிறவன் எல்லாம் பார்ப்பான்.

எனக்கு அடுத்து அண்ணன். ஆள் ஒடிந்து விழுகிற மாதிரி இருப்பார். அறுபத்தொரு கிலோ, நூற்று எழுபது சென்டிமீட்டர், இருபத்தொன்று புள்ளி ஒன்று. திரை பச்சையானது, அவர் அட்டையில் பச்சை ஸ்டிக்கர் விழுந்தது. அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியாக்கா? உன் தம்பி சும்மா ஹீரோ மாறி கீறான்" என்றார். "தம்பின்னு இப்பதான் ஒத்துக்கினியா?" என்றேன். சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அன்றைக்கு நடந்த இன்னொரு விஷயத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான். சிவப்பு வாங்கியவர்கள் மட்டும் பக்கத்து அறைக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பச்சைக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அவர்கள்தான் ஆரோக்கியமானவர்கள் என்று முதல் அறையிலேயே தெரிந்துவிட்டதே, ஊசியை எதற்கு வீணாக்க வேண்டும் என்பது கணக்கு. அவர்களுக்கு டீயும் சமோசாவும் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கையில் பஞ்சு, இன்னொரு கையில் எண்ணெயைக் குறைப்பது எப்படி என்று ஒரு துண்டுத்தாள்.

பத்து நாளில் என் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரி, கொழுப்பு சரி, பிரஷர் சரி, கண் சரி. அப்பாடா என்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போனேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் நார்மல்தான்க்கா, சந்தோஷம். ஆனா வண்டி ஓட்டுறவங்க படிவத்துல பி.எம்.ஐ. முப்பதுக்குக் கீழ இருக்கணும். இல்லன்னா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. மூணு மாசம் டைம் தரோம். அதுக்குள்ள குறைக்கலன்னா திரும்ப லேபிள் மேஜைக்குத்தான் மாத்தணும்."

"சார், நான் ஓட்டறதுல எதுனா தப்பு கண்டீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. சிஸ்டம்."

சிஸ்டம்! பேயைக்கூட வேப்பிலை அடித்து விரட்டலாம், இந்தச் சிஸ்டத்தை எதைக் கொண்டு அடிப்பது?

வீட்டுக்குப் போகிற வழியில் ஆவடியில் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும்போது செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கணக்குப் பிடிக்கும். எடையைக் கிலோவில் எழுது, உயரத்தை மீட்டரில் எழுது, எடையை உயரத்தால் வகு, வந்ததை மறுபடி அதே உயரத்தால் வகு. இவ்வளவுதான். இதற்கு லேப்டாப் எதற்கு? இந்தக் கணக்கில் என் தோள் இல்லை. எலும்பு இல்லை. ஒன்பது வருஷம் பெட்டி நகர்த்திய கை இல்லை. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் இல்லை. பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே குட்டையாக, அகலமாகத்தான் இருப்போம். அந்தச் சூத்திரத்தில் எங்கள் வம்சத்துக்கே சிவப்புதான்.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று வண்டி ஓட்டுகிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். இரண்டு டன் தூக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் பாரத்தின் நடு, முள்ளின் அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால்தான் அந்த இரண்டு டன். பாரம் முள்ளின் நுனிக்குத் தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் குறையும். எடையை மட்டும் பார்த்துத் தூக்குகிறவன் ஒரு நாள் வண்டியோடு கவிழ்வான். எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான். தன் கிடங்கில் நிற்கும் வண்டிக்குத் தெரிந்தது தலைமை அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

முகாமுக்கு வந்த டாக்டர் அம்மா மாதம் ஒரு முறை கிடங்கின் முதலுதவி அறைக்கு வருவார். அந்த வாரமே போய் நின்றேன். முப்பது வயது இருக்கும். அவசரத்திலேயே பேசுவார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார்.

"இது ஒரு மேலோட்டமான கணக்குதான்மா. இருநூறு வருஷம் முன்னாடி ஐரோப்பாவுல ஒரு கணக்கு ஆள், டாக்டர்கூட இல்ல, ஊர் மொத்தத்துக்கும் சராசரி பார்க்கப் போட்டது. கூட்டத்துக்குப் பார்க்க உதவும். ஒரு ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல இது மட்டும் பத்தாது" என்றார். சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளந்தார். எண்பத்து மூன்று சென்டிமீட்டர்.

"நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு எண்பதுக்குள்ள இருந்தா நல்லது. நீங்க கொஞ்சம் கூட. அதனால வெயிட்டே பிரச்சினை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நடங்க, பொரிச்சதைக் குறைங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்த முப்பதுங்கற கோட்டை இன்னும் கீழதான் போடணும்."

"இன்னா மேடம், எனக்குச் சாதகமா பேசுவீங்கன்னு வந்தா இன்னும் கீழ எறக்கறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "உள்ளதைத்தானே சொல்லணும். ஒல்லியா இருந்து வயிறு மட்டும் போட்டவங்களுக்கும் நம்ம ஊர்ல சுகர் வருது. அவங்களை இந்த நம்பர் காட்டியே கொடுக்காது. சரி, வண்டி ஓட்ட உங்களுக்கு என்ன வேணும்? கண்ணு, காது, பிரஷர், சுகர், கை கால் மடங்கணும், தலை சுத்தக் கூடாது. எல்லாம் சரியா இருக்கு." என் படிவத்தின் அடியில் மருத்துவர் கருத்து என்று ஒரு வரி காலியாக இருந்தது. அதில் ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "இந்த வரி சிஸ்டத்துல ஏறாதுக்கா. ஏத்தணும்னா மேலதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்து போடணும். யாரு போடுவா?" என்று ஃபைலில் சொருகிவிட்டார்.

சரி, குறைத்துத் தொலைக்கிறேன் என்று நானும் இறங்கினேன். இது என் தப்பு. டாக்டர் சொன்னபடி நடந்திருக்கலாம், நிதானமாகக் குறைத்திருக்கலாம். எனக்கு இருந்தது மூன்று மாதம், கண்ணுக்கு முன்னால் தெரிந்தது லேபிள் மேஜை. காலை டிபனை நிறுத்தினேன். மதியம் வெள்ளரிக்காய். சாயங்காலம் பசி வயிற்றைக் கிள்ளும்போது டம்ளர் டம்ளராகத் தண்ணீர். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, குருவி கொறிக்கிற மாறி கொறிக்கிற? ஓட்றது லாரிக்கு அண்ணன் மாறி வண்டி, துன்றது இவ்ளோதானா?" என்று கத்தினார். "நீ உன் வேலையப் பாரு" என்றேன். பசியில் எனக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை, யார் பேச்சுமே பிடிக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்தேன். எழுபதரை கிலோ. எச்.ஆர். தட்டிப் பார்த்தார். முப்பது புள்ளி ஒன்று. அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். "சூப்பர்க்கா! இன்னும் அரைக் கிலோதான். இந்த வாரக் கடைசியில ஒண்ணும் சாப்பிடாம இருங்க, திங்கக்கிழமை பச்சை!" என்று கை கொடுத்தார்.

அன்றைக்கு மதியம் மூன்றாவது தட்டில் ஒரு பலகையை வைக்கத் தூக்கினேன். எண்ணூறு கிலோ சரக்கு, என் தலைக்கு மேலே. அண்ணாந்து பார்த்தபோது ரேக் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. காதில் ஙொய் என்று ஒரு சத்தம். முள் போய் ரேக்கின் தூணில் இடித்தது. அது மேலே தகரம் கிழிகிற மாதிரி ஒலித்தது.

"அக்கா! நிறுத்து! கைய எடு, கைய எடு!" என்று அண்ணன் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். நிறுத்தினேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. கீழே ஆள் இல்லை. இருந்திருந்தால்? எனக்குச் சாவியைத் திருகவே வரவில்லை. அண்ணன்தான் என்னை இறக்கிவிட்டு, ஏறி மெதுவாகப் பலகையை இறக்கினார்.

"துன்னியா காலைல?" என்று கேட்டார்.

"இல்ல."

"பைத்தியமா நீ? இன்னாத்துக்கு இப்டி சாவற?" என்று திட்டிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் வைத்தார். புளிச்சோறு. நான் அழுதுகொண்டே தின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. எழுபத்துநாலு கிலோவில் ஒன்பது வருஷம் ஒரு பெட்டியைக்கூட உரசாதவள், எழுபதரை கிலோவில் ஆளைக் கொல்லப் பார்த்தேன். அந்தப் படிவத்தின்படி, இடிப்பதற்கு முந்தைய நாள்களில் எல்லாம் நான் தகுதியை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தேன்!

திங்கட்கிழமை நான் எடை மிஷின் மேல் ஏறவில்லை. ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். "நான் இனிமே பட்டினி கெடந்து வண்டி ஓட்ட மாட்டேன் சார். யார் தலமேலயாவது பெட்டிய போட்டுட்டு ஒல்லியா இருந்து இன்னா பண்றது? உங்களுக்கு எது சரின்னு படுதோ செஞ்சுக்குங்க" என்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். தகுதியில்லை என்ற தாளில், காரணம் என்ற கட்டத்தில், முகாமில் வந்த 31.6-ஐயே எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் லேபிள் மேஜைக்குத் திரும்பினேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுந்துபோன அதே இடம். பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒட்டினேன். சாயங்காலம் பாரிவாக்கத்தில் ஏரிப் பக்கம் தினமும் நடந்தேன், மூன்று வேளையும் சாப்பிட்டேன். அது அவர்களுக்காக இல்லை, எனக்காக.

இரண்டு வண்டி வேலையும் அண்ணன் தலையில் விழுந்தது. மேஜையில் உட்கார்ந்திருந்ததால் அவரை முழு நாளும் பார்க்க முடிந்தது. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போவார். இரண்டு லிட்டர் பாட்டில் மதியத்துக்குள் காலி. இடது கால் ஷூவின் லேஸைத் தளர்த்திவிட்டு நொண்டி நடந்தார். கட்டை விரலில் ஏதோ கீறி ஒரு மாதமாக ஆறவில்லை என்றார். கை காலெல்லாம் குச்சி, சட்டைக்குள் வயிறு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா சொன்னது ஞாபகம் வந்ததும் எழுந்து அவரிடம் போனேன்.

"அண்ணே, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு. இது சுகர் மாறி தெரியுது."

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். "சும்மா கெட. எனக்குப் பச்ச குடுத்துக்கீறாங்க. கம்பெனியே பாத்து ஒட்னது. சுகர்லாம் குண்டா கீறவுங்களுக்கு வர்றது."

"அப்ப எனக்குத்தானே வந்திருக்கணும்? எனக்கு இல்லியே!"

"உனுக்கு வரும், வெயிட் பண்ணு" என்று சிரித்துக்கொண்டே நொண்டிப் போனார். மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், அதை டாக்டர் சர்டிபிகேட் மாதிரி நம்பினார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும் ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் கையைப் பிடித்து, நாலு பேர் பார்க்க, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "வுடுக்கா, மானம் போவுது" என்றார். போகட்டும், கால் போவதற்குப் பதில் மானம் போகட்டும்.

லேபில் இருந்த பெண் காகிதத்தைக் கொடுக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. "அண்ணா, காலைல வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். அண்ணன் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். "பச்ச குடுத்தாங்களேக்கா" என்று மட்டும் சொன்னார். கையைப் பிடித்து எழுப்பினேன். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். விரலுக்குள் சீழ் எலும்பு வரை போயிருந்தது. காலைக் காப்பாற்றினார்கள், கட்டை விரலை எடுத்துவிட்டார்கள்.

அவர் மருத்துவமனையில் இருந்த இரண்டாவது வாரம், காலையில் கேட்டுக்கு வெளியே இரண்டு கன்டெய்னர் வந்து நின்றன. அண்ணனுக்குப் பதிலாக வெளியிலிருந்து தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த ஓட்டுநர் அன்றைக்கு வரவில்லை. எச்.ஆர். வியர்த்து விறுவிறுத்து லேபிள் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வண்டிய எடுக்கணும்."

"எந்த வண்டிய சார்?"

"விளையாடாதீங்கக்கா. ரெண்டு கன்டெய்னர் நிக்குது."

"நான் தகுதியில்லாதவ சார். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. நான் ஏறி எதுனா ஆயிடுச்சுன்னா அந்தத் தாளத்தான முதல்ல காட்டுவீங்க?" என்று அடுத்த லேபிளை உரித்தேன்.

மேஜையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. அவர் போனார். பத்து நிமிஷத்தில் எடை மிஷினையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஏறச் சொன்னார், ஏறினேன். எழுபத்து மூன்று கிலோ. அவர் தட்டினார். முப்பத்தொன்று புள்ளி இரண்டு. சிவப்பு. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. உயரத்தை நாலு சென்டிமீட்டர் கூட்டி நூத்தி அம்பத்தேழுன்னு போட்டுட்டா இருபத்தொன்பது புள்ளி ஆறு வருது. தானா பச்சை ஆயிடும். யாரும் வந்து அளக்கப் போறதில்ல."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி ஆசை வந்தது. வண்டி எதிரிலேயே நின்றது, முழு சார்ஜோடு. நாலு சென்டிமீட்டர்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த நொடியே அண்ணனின் கட்டுப் போட்ட கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. பச்சை ஆனால் அடுத்த வருஷம் எனக்கும் ரத்தம் எடுக்க மாட்டார்கள். சமோசாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படிப்பட்ட பச்சை வேண்டாம்.

"என் ஒசரம் நூத்தி அம்பத்து மூணு சார். என்னைப் பெத்தவங்க குடுத்த ஒசரம். அத நீங்க கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். எடையும் எழுபத்து மூணுதான். ரெண்டையும் உள்ளபடியே எழுதுங்க. அதுக்குக் கீழ தகுதி உண்டுன்னு எழுதுங்க. டாக்டரம்மா எழுதி நீங்க ஃபைல்ல சொருகினீங்களே, அந்த வரி."

"அதுக்கு மேலதிகாரி கையெழுத்து வேணும்க்கா. சிஸ்டம் காரணம் கேட்கும்."

"கன்டெய்னர் வாசல்ல நிக்குதுன்னு போடுங்க. அதானே காரணம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா, எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. "இன்னொரு வரியும் வேணும். அடுத்த முகாம்ல செவப்பு பச்சன்னு பாக்காம எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும், இடுப்பளவும் எடுக்கணும்."

"அது என் கையில இல்லக்கா!"

"அப்ப யார் கைல கீதோ அவுங்கள கூப்புடுங்க. நான் எங்கயும் போவல, லேபிள் ஒட்டிக்கினு இங்கதான் இருப்பேன்."

கேட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் மாடிக்கு ஓடினார். இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. கையில் படிவம். எடை 73, உயரம் 153, பி.எம்.ஐ. 31.2, எல்லாம் உள்ளது உள்ளபடி. அடியில், மருத்துவர் பரிந்துரைப்படி ஓட்டத் தகுதி உண்டு என்று பேனாவால் எழுதி, மேலாளர் கையெழுத்து. இன்னொரு தாளில், அடுத்த முகாமில் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை. நான் இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

வண்டியைத் தொட்டு மூன்று மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இருக்கையில் உட்கார்ந்ததும் முதுகுக்கு அது தெரிந்த இடமாகவே இருந்தது. முள்ளை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கன்டெய்னரை நோக்கி வண்டியை எடுத்தேன். எச்.ஆர். பக்கத்திலேயே நடந்து வந்தார். சரக்கு எண்ணிக்கைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றார். கழுத்து அட்டையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். "நானும் பச்சைதான். எங்க அப்பாவுக்கு சுகர். எனக்கும் கொஞ்ச நாளா ரொம்பத் தாகமா இருக்கு. அன்னைக்கு அவரைக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த லேப் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

நான் பிரேக்கை மிதித்தேன். இத்தனை மாதம் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தை எல்லாம் அப்போதே அவர் தலையில் கொட்டியிருக்கலாம். இருபத்தெட்டு வயது. மெலிந்து, சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது.

"ஆறரைக்குத் தொறப்பாங்க" என்றேன். "நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்புடாம போங்க சார். நானும் வர்றேன்."